பூசையில் வைத்த பூட்டு

1

கடலூரில் ஒரு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டிலிருந்து எடுத்த படம் என்னிடம் இருக்கிறது. தேதி, ஆயுத பூசை நாள். ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: “பகலில் இருசக்கர வாகனத்தில் செல்லும்போது சாலையில் விழுந்ததாக உடன் வந்தவர் கூறுகிறார். வலது கை, முழங்கைக்குக் கீழே முற்றிலும் நசுங்கியுள்ளது.” உடன் வந்தவர் என்ற இடத்தில் சேகர் என்று இருக்கிறது. சேகர் என் அக்கா கலாவின் கணவர். எனக்கு மாமா.

கை போனவர் பெயர் அன்பு. மேல்பட்டாம்பாக்கத்துக்காரர். கடலூருக்குத் தெற்கே, சிப்காட் மதிலுக்கு வெளியே மாமா நடத்தும் ரப்பர் ஷெட்டில், ரப்பரைப் பிசையும் மில்லை ஓட்டுபவர். படத்தை எனக்கு அனுப்பியது அவர் மனைவி செல்வி. விஜயதசமியன்று, பெர்த்தில் நான் வேலைக்குக் கிளம்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது வந்தது. கூடவே ஒரு குரல் பதிவு.

“அண்ணே, வண்டி வூட்டு வாசல்லதான் நிக்குது. ஒரு கீறல் இல்ல. நீங்க போன்ல பாத்துக்கிட்டு இருந்தீங்களாமே. எழுதியிருக்கறது சரியா தப்பான்னு மட்டும் சொல்லுங்க.”

வேலை செய்யும் இடத்தில் கை போனது என்று பதிவானால், தொழிலாளர் காப்பீட்டிலிருந்து அன்புக்கு ஆயுள் முழுக்க மாதா மாதம் உதவி வரும். சாலையில் விழுந்ததாகவே இருந்துவிட்டால் அது வராது. மாமாவின் ஷெட்டிலோ, விபத்து நடந்தது என்று வெளியே தெரிந்தால் ஆர்டர் தரும் கம்பெனி தன் சப்ளையர் பட்டியலிலிருந்து அடித்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில், அங்கே இல்லாமலே அதைக் கண்ணால் பார்த்த வெளியாள் நான்.

2

நான் மேற்கு ஆஸ்திரேலியாவின் வடக்கே இரும்புத்தாது தோண்டும் ஓர் இடத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பு வேலை செய்கிறேன். இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் பெர்த்தில் குடும்பத்தோடு. சிதம்பரம் கீழ வீதியில் பிறந்தவனுக்கு, சிவப்பு மண் புழுதியில் தகரக் கொட்டகையில் தூங்கி எழுவது பழகிவிட்டது. என் வேலையைப் பற்றி ஊரில் கேட்பவர்கள் “சுரங்கத்துக்குள்ள இருட்டா இருக்குமா?” என்கிறார்கள். இங்கே சுரங்கம் வானம் பார்த்த குழி. நம் மாவட்டத்துப் பழுப்பு நிலக்கரியும் அப்படித்தான் எடுக்கப்படுகிறது.

ஆனால் சுரங்கம் குழியோடு முடிவதில்லை. நிலக்கரியைச் சுரண்டும் ராட்சதச் சக்கரத்தின் பற்கள் மண்ணைக் கடித்தே தேய்கின்றன. தேய்ந்த பல்லுக்கு உலோகம் ஏற்ற வெல்டிங் பட்டறைகள் வேண்டும். தோண்டியது பெல்ட்டில் போகிறது. பெல்ட் ஆயிரக்கணக்கான உருளைகள் மேல் ஓடுகிறது. மேலிருந்து கரி விழும் இடத்தில் உருளைக்கு ரப்பர் வளையம் மாட்டாவிட்டால் அந்த அடியிலேயே பெல்ட் கிழிந்துவிடும். அந்த வளையம் செய்வதுதான் மாமாவின் ஷெட். கிழிந்த பெல்ட் ஏலத்தில் போய் லாரித் தளத்துக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் விரிப்பாகிறது. கரிக்கு மேலே கிடக்கும் வெள்ளைக் களிமண் விருத்தாசலம் பக்கம் பீங்கான் சூளைகளுக்குப் போகிறது. கரி எரிந்து மின்சாரமாகி சிப்காட் தொழிற்சாலைகளை ஓட்டுகிறது. அந்த மின்சாரத்தில்தான் மாமாவின் மில்லும் சுற்றுகிறது. அதாவது, எந்தக் கரியைச் சுமக்க வளையம் செய்கிறோமோ அந்தக் கரியாலேயே வளையம் செய்யும் இயந்திரம் ஓடுகிறது. ஒரு நாட்டின் பொருளாதாரம் என்று புத்தகங்களில் நான் படித்ததெல்லாம் எனக்கு இந்த ஒரு வட்டத்தில் அடங்கிவிட்டது.

அந்த வட்டத்தில் சரக்கு ஒரு திசையில் போகிறது, அவசரம் எதிர்த்திசையில் வருகிறது. ஐப்பசி மழை தொடங்கினால் குழியில் தண்ணீர் நிற்கும். அதற்கு முன் பெல்ட்டுகளைச் சரிசெய்தாக வேண்டும். சுரங்கம் ஒப்பந்தக்காரரை விரட்டும், அவர் உருளை செய்கிறவரை விரட்டுவார், உருளைக்காரர் மாமாவை விரட்டுவார். மாமாவுக்குக் கீழே அன்பு. அன்புக்குக் கீழே யாரும் இல்லை. எதிரெதிராகச் சுற்றும் இரண்டு இரும்பு உருளைகள்தான்.

3

போன முறை ஊருக்குப் போனபோது ஷெட்டில் வேலை செய்கிறவர்களுக்கு ஆளுக்கொரு சிவப்புப் பூட்டு கொண்டுபோனேன். எங்கள் தளத்தில் ஒரு வழக்கம் உண்டு. இயந்திரத்துக்குள் கை விடுகிறவன் மெயின் சுவிட்சை அணைத்து, அதன் கைப்பிடியில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்வான். அவன் பூட்டை அவனைத் தவிர யாரும் எடுக்கக் கூடாது. பூட்டில் அவன் பெயரும் படமும் இருக்கும்.

மாமா சிரித்தார். “மச்சான், ஊருல பொட்டிப் பொட்டியா சென்ட்டும் சாக்லேட்டும் கொண்டாருவாங்க. நீ பூட்டு கொண்டாந்திருக்க.”

“ஷெட்டுல திருட என்னா இருக்குன்னு கேக்குறாங்க சார்,” என்றார் அன்பு. ஆனாலும் முதலில் பெயர் எழுதி ஒட்டியது அவர்தான். பூட்டைத் துணியில் துடைத்து இடுப்பில் மாட்டிக்கொண்டார். அதன்பின் மில்லைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் பூட்டைப் போட்டார் என்று மாமாவே சொன்னார். “உன் பூட்டு ஜாஸ்தி வேலை வெக்கிது மச்சான். இவன் சாவிய வெச்சிக்கிட்டு டீ குடிக்கப் போயிட்டா மொத்த ஷெட்டும் நிக்கிது.”

ஆயுத பூசையன்று காலை வரைக்கும் ஆர்டருக்கு மில் ஓடியது. பிறகு அன்பு மெயினை அணைத்துத் தன் பூட்டைப் போட, எல்லோரும் உருளைகளைக் கழுவினார்கள். எல்லாம் முடிந்ததும் பூசைக்குக் கருவிகளைச் சேர்த்தார்கள். ஸ்பேனர், கத்தி, டேப், தராசு. கூடவே பூட்டுகள். ஒருவனுடைய பெயர் எழுதிய, அவன் மட்டுமே தொடக்கூடிய பொருள், நம் ஊரில் ஆயுதம் அல்லாமல் வேறென்ன? அன்பு மெயின் சுவிட்சிலிருந்து தன் பூட்டைக் கழற்றி, கழுவி, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன் வைத்தார். அன்று காலை பெர்த்தில் என் வீட்டிலும் என் பூட்டு, என் மகள் மீராவின் லேப்டாப்புக்குப் பக்கத்தில் பூவோடு இருந்தது. அதில் தவறு இருப்பதாக எனக்கும் தோன்றவில்லை.

மாமா வீடியோவில் கூப்பிட்டார். ஒரு கையில் போன், மறுகையில் கற்பூரத் தட்டு. மீரா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். மெயின் அணைத்திருந்ததால் ஷெட் இருட்டு. ஒரே மெயினில்தான் விளக்கும் மில்லும். திரையில் கற்பூரச் சுடரும் தட்டைப் பிடித்த மாமாவின் விரல்களும் தெரிந்தன. அதற்கு அப்பால் உருளைகளுக்கு முன் குனிந்திருந்த ஒரு முதுகு. குங்குமம் வைக்கப் போன அன்பு, உருளைகளுக்கு நடுவே ஒரு ரப்பர் பட்டை ஒட்டியிருப்பதைப் பார்த்து, சுரண்டியை எடுத்துக் கையை உள்ளே விட்டிருந்தார்.

“ஒண்ணும் தெரியல மாமா, கருப்பா இருக்கு,” என்றேன்.

அக்காவின் குரல் கேட்டது. “லைட்ட போடுங்கப்பா, தம்பி பாக்கட்டும்.”

விளக்கு எரிந்தது. சீரியல் செட் மினுக்கியது. மில்லும் சுற்றியது.

மெயின் வந்ததும் மில் தானாகச் சுற்றக் கூடாது. மின்சாரம் நின்றதுமே மில்லின் ஸ்டார்ட்டர் சுவிட்ச் விழுந்துவிடும், பட்டனை அழுத்தினால்தான் மறுபடி ஓடும். ஆனால் எங்கள் பக்கம் வோல்டேஜ் அடிக்கடி இறங்கும். ஓடும்போது மில் நின்றால் ரப்பர் உருளைகளுக்கு நடுவில் இறுகி, உளியால் கொத்தி எடுக்க அரை நாள் ஆகும். அவசர ஆர்டர் வந்ததிலிருந்து ஸ்டார்ட்டருக்குள் அட்டையை மடித்துச் சொருகி வைத்திருந்தார்கள், விழாமலிருக்க.

சத்தத்தை எழுத முயன்று பார்த்தேன், முடியவில்லை. காலால் தள்ளினால் மில்லை நிறுத்தும் கட்டை ஒன்று அதன் அடியில் உண்டு. யாரோ அதை உதைத்தார்கள். உருளை உடனே நிற்கவில்லை, இன்னும் கொஞ்சம் சுற்றி நின்றது. அந்தக் கொஞ்சத்தில்தான் முழங்கை வரை போனது. பிறகு உருளையைப் பின்னோக்கிச் சுற்றிக் கையை எடுத்தார்கள். மாமா போனைக் கீழே போட்டிருந்தார். போன் மல்லாந்து கிடந்ததால் எனக்குக் கூரையும் சீரியல் விளக்கும்தான் தெரிந்தன. மஞ்சள், பச்சை, சிவப்பு. குரல்கள் மட்டும். அன்பு அலறவில்லை. “என் கைய விடுங்க, என் கைய விடுங்க” என்று யாரிடமோ சாதாரணமாகச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மீரா அறையைவிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

4

செல்வியின் பதிவைக் கேட்ட அன்று மாமாவைக் கூப்பிட்டேன்.

“ரோட்டுல வுழுந்தா கை இப்படிப் போவுமா மாமா?”

“போவும். லாரி ஏறுனா போவும்.”

“எந்த லாரி?”

 பின்னணியில் மாமாவின் சிதம்பரம் வீட்டு டிவி கேட்டது. பிறகு சொன்னார்: “மச்சான், நீ பாத்தது ஒரு நிமிஷம். பட்டியல்லேர்ந்து பேர அடிச்சுட்டாங்கன்னா ஷெட்டுல இருக்குற அத்தினி பேரும் நாளைக்கு எங்க போவாங்க? அன்போட தம்பியும் இங்கதான வேல செய்யிறான். பூட்ட எடுத்தது யாரு? அவனேதான. அதுக்கு நான் என்னா பண்றது? நான் அவன வுடல. ஆயுசுக்கும் வாட்ச்மேன் வேல, முழுச் சம்பளம்னு சொல்லிட்டேன்.”

“யாரு தப்புன்னு காப்பீட்டுல கேக்க மாட்டாங்க மாமா. எங்க நடந்துச்சுன்னுதான் கேப்பாங்க.”

“எங்க நடந்துச்சுங்கிறதுதான் எனக்கு வினை.”

செல்வியிடம் வாட்ச்மேன் வேலையைப் பற்றிச் சொன்னபோது அவர் குரல் மாறவில்லை. “ஆயுசுக்கும்னு வாயால சொல்றாரு. அவரு ஆயுசா, எங்க வூட்டுக்காரரு ஆயுசா?”

அதே வாரம் அன்புவின் தம்பி வெற்றி, கையில் உருளைக்குப் போடும் இரும்புக் குழாயோடு சிதம்பரம் வந்தான். மாமா கடைக்குப் போய்விட்டுக் கீழ வீதியில் நடந்து வந்துகொண்டிருந்தார். தேங்காய் பழக் கடைகளுக்கு முன்னால், கோவிலுக்கு வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது புருவத்தைப் பிளந்தது. “எந்த லாரிடா? நம்பர சொல்லு,” என்று கேட்டுக் கேட்டு அடித்தானாம். பூக்கடைக்காரர்கள் பிடித்து இழுத்த பிறகு, மாமா வீட்டுக் கண்ணாடிச் சன்னல்களை ஒன்றுவிடாமல் உடைத்துவிட்டுப் போனான். அக்கா சமையலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எனக்குப் போன் செய்தாள். கண்ணாடி விழும் சத்தம் அவள் பேச்சுக்கு நடுவில் வந்தது.

“உனக்கு என்னாடா. நீ அங்க உக்காந்துக்கிட்டு சாட்சி எழுதிப்புடுவ. நாங்க இந்தத் தெருவுல இருக்கணும்.”

போலீசில் சொல்லட்டுமா என்றேன். மாமா வேண்டாமென்றுவிட்டதாகச் சொன்னாள். போலீஸ் வந்தால் ஏன் அடித்தான் என்று கேட்பார்கள். மருத்துவமனையில் புருவத்தைத் தைத்தபோது, படியில் விழுந்தேன் என்று மாமா சொல்லியிருக்கிறார். ஒரே வாயிலிருந்து, ஒரே மாதத்தில், விழாத விழுதல் இரண்டாவது முறை பதிவானது.

5

எங்கள் தளத்து வாசலில், விபத்தில்லாத நாட்களைக் காட்டும் பலகை உண்டு. ஊரிலும் பெரிய ஆலை வாசல்களில் பார்த்திருக்கிறேன். அந்தக் கணக்கு வாசலோடு நின்றுவிடும். வளையம் செய்யும் ஷெட், பல்லுக்கு உலோகம் ஏற்றும் பட்டறை, பழைய பெல்ட்டைக் கிழிக்கும் கொட்டகை எதுவும் அதில் சேராது. விபத்து நடந்த சப்ளையரைப் பட்டியலிலிருந்து நீக்குவது பாதுகாப்புக்காக என்றுதான் விதி சொல்கிறது. அதனால் சப்ளையர்கள் விபத்தை நீக்கிவிடுகிறார்கள்.

அந்தப் பலகையைக் கடந்து வேலைக்குப் போய் வந்த இரண்டு வாரமும் செல்வி கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. பெர்த் திரும்பியதும் மீரா கேட்டாள். அவள் தமிழ் இப்போது வீட்டு வாசலுக்குள் மட்டும்தான், அதுவும் பாதி. “அப்பா, அந்த அங்கிளோட ஹேண்ட் ஒட்ட வெச்சாங்களா?”

“இல்லமா.”

“யூ ஸா இட். நீங்க பாத்தீங்க. நானும் பாத்தேன். அப்புறம் என்ன வெயிட் பண்றீங்க?”

“மாமா நம்ம வீட்டு மனுஷன் மீரா.”

“ஸோ?”

 ஊரில் வளர்ந்திருந்தால் அவள் கேட்டிருக்க மாட்டாள் என்று நினைத்தேன். கேட்காமலிருப்பது நல்லதா என்பது வேறு விஷயம். அன்றைக்குப் பிறகு தன் லேப்டாப்பைப் பூசையில் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

கடைசியில், நான் பார்த்ததை அன்புவின் காப்பீட்டு மனுவுக்கு வாக்குமூலமாக எழுத உட்கார்ந்தேன், ஒரு மாலை ஆனது. நான் எதையும் தேதியோடும் வரிசையோடும் எழுதிப் பழகியவன். யார் எங்கே நின்றார்கள், எது முதலில் கேட்டது, எது பிறகு தெரிந்தது என்று எழுதினேன். விளக்கைப் போடச் சொன்னது அக்காவின் குரல் என்றும் எழுதினேன். கேட்டதைக் கேட்டபடி எழுதுவதுதான் முறை என்று நினைத்தேன்.

அது இந்தியாவில் செல்லுபடியாக வேண்டுமானால் இந்தியத் தூதரக அலுவலகத்தில் சான்றொப்பம் வேண்டும். முதல் முறை போட்டோ அளவு சரியில்லை என்று திருப்பினார்கள். இரண்டாம் முறை, நான் சம்பவ இடத்தில் இருந்தேனா இல்லையா என்று கவுன்ட்டரில் இருந்தவர் கேட்டார். இருந்தேன் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. “நேரில் பார்த்தவர்” என்று ஆங்கிலத்தில் நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு “காணொளி அழைப்பின் வழியே பார்த்தவர்” என்று எழுதச் சொன்னார். உறவு என்ன என்றார். காயம்பட்டவரோடு உறவில்லை என்றேன். “முதலாளியோடு?” என்றார். அவர் மனைவியின் தம்பி நான் என்று சொன்னபோது நிமிர்ந்து ஒருமுறை பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

நகலைச் செல்விக்கு அனுப்பினேன். மாமாவுக்கும் அனுப்பினேன். முதுகுக்குப் பின்னால் செய்ததாக இருக்கக் கூடாது என்பதற்காக. மாமா படித்தார். இரண்டு நீல டிக் விழுந்தது. 

செல்வி மட்டும் கூப்பிட்டார். “ரொம்ப நன்றிண்ணே. ஆனா அக்கா பேர எதுக்கு எழுதுனீங்க? எங்களுக்கு எடம்தான வேணும். ஷெட்டுன்னு ஒரு வார்த்த போதுமே.”

“கேட்டது அப்படித்தாம்மா.”

“கேட்டீங்க சரி. எல்லாத்தையுமா எழுதுவாங்க?”

6

காப்பீட்டு அலுவலக விசாரணை கார்த்திகையில் கடலூரில் நடந்தது. அன்பு, செல்வி, மாமா, அக்கா நால்வரும் போனார்கள். நடந்ததைச் செல்வி அன்றே சொன்னார், பிறகு அன்புவும் சொன்னார். இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போகிறது.

அதிகாரி என் வாக்குமூலத்தை வாசித்து, விளக்கைப் போடச் சொன்னதாக இருக்கும் கலா என்பவர் வந்திருக்கிறாரா என்று கேட்டார். அக்கா எழுந்தாள். மெயின் சுவிட்சைப் போட்டதும் நீங்கள்தானா என்று கேட்டார். அக்கா வாயைத் திறப்பதற்குள் மாமா எழுந்துவிட்டார்.

“சார், ரோட்டுல வுழுந்தாருன்னு நான் சொன்னது பொய். ஷெட்டுலதான் நடந்துச்சு. மெயின போட்டது நான். ஸ்டார்ட்டர்ல அட்டை வெக்கச் சொன்னதும் நான்தான். எழுதிக்கங்க.”

அன்பு தன் மிஞ்சிய கையால் மாமாவின் சட்டையைப் பிடித்து உட்காரச் சொன்னாராம். மாமா உட்காரவில்லை.

அன்புவின் விபத்து வேலையிடத்து விபத்தாகப் பதிவானது. மாதா மாதம் வர வேண்டியது வரத் தொடங்கிவிட்டது. மாமாவின் மேல் வழக்கு இருக்கிறது. கம்பெனிப் பட்டியலிலிருந்து ஷெட்டின் பெயர் அதே மாதம் நீக்கப்பட்டது. மில்லைப் பிரித்துச் சங்கிலி போட்டுத் தூக்கி லாரியில் ஏற்றினார்கள். பண்ருட்டிப் பக்கம் ஒருவர் வாங்கியிருக்கிறார், வளையம் ஆர்டரும் அவருக்கே போயிருக்கிறது. சுரங்கத்து பெல்ட் ஒரு நாளும் நிற்கவில்லை. வெற்றி உட்பட ஷெட்டில் இருந்தவர்கள் வேறு வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். இரண்டு பேருக்கு இன்னும் வேலையில்லை.

மாமா என்னோடு பேசுகிறார். மழை பெய்ததா, மீரா எப்படிப் படிக்கிறாள் என்று கேட்கிறார். ஒரே ஒருமுறை நான் தொடங்கினேன்.

“மாமா, அன்னிக்கு உங்க ஒரு கையில போனு, ஒரு கையில தட்டு. லைட்டு எரிஞ்சப்ப தட்டு எனக்குத் தெரிஞ்சுது. உங்க விரலும் தெரிஞ்சுது. சுவிட்சு அந்தப் பக்கச் சுவத்துல இருக்கு.”

“எழுதிக் குடுத்தாச்சு மச்சான். வுடு.”

அக்காவிடம் கேட்டேன். “மாமா சொல்லிட்டாரு இல்ல,” என்றாள். அதற்குப்பின் மாமாவின் போனிலிருந்துதான் பேசுகிறாள், தன் போனிலிருந்து கூப்பிடுவதில்லை. அன்பு, தான் குனிந்திருந்ததால் பார்க்கவில்லை என்கிறார். செல்வி, அது தனக்குத் தேவையில்லாத விஷயம் என்கிறார்.

திரையில் அந்தச் சுவர் தெரியவில்லை. அக்கா சொன்னதைக் கேட்டு வேறொருவர் போட்டாரா, சொல்லிக்கொண்டே அவளே போட்டாளா, என் கண்ணை நம்பாமல் மாமாவை நம்ப வேண்டுமா, எதற்கும் என்னிடம் ஆதாரம் இல்லை. மெயின் சுவிட்சைப் போட்டது சேகர் என்று கடலூர்ப் பதிவில் இருக்கிறது. அது சரிபார்க்கப்படவில்லை.